நல்ல எவர்சில்வர் பாத்திரம் இண்டக்‌ஷனில் ஏன் சூடாவதில்லை?

கேள்வி: புதிதாக 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். சீரில் வந்த கனமான எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. சாதாரணப் பாத்திரத்தில் பால் நன்றாகக் காய்கிறது. வெண்கலப் பானையும் சூடாகவில்லை. அடுப்பில் கோளாறா? மேலே போடும் இரும்புத் தட்டு வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, அந்தக் கனமான பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து அடியில் வைத்துப் பாருங்கள். நழுவி விழும். பால் காய்ச்சும் பாத்திரத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். லேசாக இழுத்தால் மட்டும் போதாது, பிடித்து நிற்க வேண்டும்.

கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அடுப்பு அதை 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே ஏற்றிச் சுருளில் விடுகிறது. சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். இங்கே கம்பிக்குப் பதில் உங்கள் பாத்திரத்தின் அடி. அதில் மின்சாரம் சுழல் சுழலாக ஓடி, உலோகத்தின் தடையால் சூடாகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இதே சுழல் மின்னோட்டம் பெரிய தொல்லை. அதைக் குறைக்கத்தான் உள்ளே இரும்பை மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். நமக்கோ அதுதான் சமையல்.

காந்தம் பிடிக்கும் உலோகத்தில் இந்த மின்சாரம் மேல்தோல் போன்ற ஒரு மெல்லிய படலத்துக்குள் நெருக்கியடித்து ஓடும். அதனால் தடை கூடி நன்றாகச் சூடேறும். அலுமினியம், செம்பு, வெண்கலத்தில் அது ஆழமாகப் பரவி எளிதாக ஓடிவிடும், சூடு போதாது. அடுப்பும் பாத்திரமே இல்லை என்று எண்ணி நிறுத்திவிடும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்த 304 வகை எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. துருப்பிடிக்காத அருமையான உலோகம், ஆனால் இந்த அடுப்புக்கு ஆகாது. உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். 430 வகை ஒட்டும். அதனால்தான் 'இண்டக்‌ஷன் பேஸ்' குக்கர்களில் காந்தம் பிடிக்கும் தகடு ஒன்றை அடியில் சேர்க்கிறார்கள்.

இரும்புத் தட்டு வாங்க வேண்டாம் என்பேன். தட்டு சூடாகி, அது பாத்திரத்துக்கு ஏறுவதற்குள் கண்ணாடியும் கொதிக்கும், மின்சாரமும் வீணாகும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை அதன் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெண்கலப் பானைக்கு கேஸ் அடுப்பே சரி.

அப்புறம், 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பத்து நிமிடம் சமைத்தபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.