வெள்ளம் நின்ற வயலில் வில்லா: ஊரார் எங்கே, எப்போது தடுக்கலாம்?

கேள்வி: எங்கள் ஊர் மீஞ்சூர் ஒன்றியத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய 14 ஏக்கரை விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றுவது குறித்து ஆட்சேபம் கேட்டு, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அறிவிப்பு நாளிதழில் வந்திருக்கிறது. 2015-லும் 2021-லும் அந்த வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இப்போதே லாரிகளில் கிராவல் கொட்டி மேடாக்குகிறார்கள். ‘ஆற்றங்கரை வில்லா’ என்று துண்டுப் பிரசுரமும் வீடு வீடாக வந்துவிட்டது. 300 பேர் கையெழுத்திட்டுக் கலெக்டரிடம் மனு கொடுத்தோம், பதில் இல்லை. நிலத்தில் பெரும்பகுதியை விற்றவர் என் சொந்தச் சித்தப்பா. அவர் மீது வழக்குப் போடலாமா? இதை எப்படித் தடுப்பது?

பதில்: முதலில் அந்த நாளிதழைத் தேடி எடுத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கலெக்டரிடம் மனு கொடுத்ததில் தவறில்லை. ஆனால் இந்த முடிவை எடுப்பவர் அவரல்லர். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 32(4) பிரிவின்கீழ் முழுமைத் திட்டத்தை (எந்த இடத்தில் எது வரலாம் என்று வகுக்கும் ‘மாஸ்டர் பிளான்’) திருத்துவதைத்தான் நாம் ‘நிலப் பயன்பாடு மாற்றம்’ என்கிறோம். உங்கள் ஊருக்குப் பொருந்துவது 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம். ஆகவே ஆட்சேபம் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலர் பெயருக்குப் போக வேண்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் ‘யாருமே ஆட்சேபிக்கவில்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, அந்த முத்திரைதான் பேசும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விவசாயப் பகுதி என்று வரைபடத்தில் பச்சை பூசியிருப்பதாலேயே அந்த நிலம் என்றைக்கும் வயலாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாற்றம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ‘எங்கள் ஊரின் அமைதி கெடும், வெளியாட்கள் வருவார்கள்’ என்று எழுதினால் கோப்பில் அதற்கு ஒரு வரிக்கு மேல் மதிப்பில்லை. நானே சி.எம்.டி.ஏ. அதிகாரியாக இருந்தாலும் ஒதுக்கித்தான் வைப்பேன். உங்கள் பலம் தண்ணீரில் இருக்கிறது. அந்த 14 ஏக்கரில் நின்ற தண்ணீர், அது மேடான பிறகு எங்கே போகும்? இந்த ஒரு கேள்வியைச் சர்வே எண்ணோடு கேளுங்கள். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து 300 பேர் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் தத்தம் வீட்டில், தத்தம் வயலில் நடந்ததை எழுதிய பத்துக் கடிதங்களுக்கு வலு அதிகம்.

ஆதாரத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்வது) புல வரைபடத்தையும் (அந்த எண்ணின் எல்லைப் படம்) பார்க்கலாம். அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணின் வரைபடத்தையும் எடுத்து, கிராம வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு வயல்களுக்கு நடுவே ஒல்லியாக, ஆற்றை நோக்கி நீளும் ஒரு துண்டு நிலம் தென்படலாம். அதன் எண்ணை அ-பதிவேட்டில் தேடினால் ‘அரசு புறம்போக்கு – வாய்க்கால்’ என்றோ ‘ஓடை’ என்றோ இருக்கும். தரையில் இன்று அது தூர்ந்து வரப்பு மாதிரி இருந்தாலும் பதிவேட்டில் அது வாய்க்கால்தான். அதை விற்க உங்கள் சித்தப்பாவுக்கும் உரிமையில்லை. வாங்கியவர் மனையாக்கவும் முடியாது. நீர்நிலைப் புறம்போக்கில் கைவைப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கிலிருந்தே கண்டிப்புடன் பார்த்து வருகிறது. அப்படி ஒரு துண்டு கிடைத்தால் உங்கள் ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுவாக இருக்கட்டும்.

அடுத்தது வெள்ளம். பள்ளிக்கூடச் சுவரில் தண்ணீர்க் கறை இன்னும் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அதைவிட மேலான ஆதாரம் அரசாங்கத்திடமே இருக்கக்கூடும். வெள்ளத்தில் பயிர் அழுகும்போது கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் சேதக் கணக்கெடுப்பார்கள் அல்லவா? அது சர்வே எண் வாரியாக இருக்கும். 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘இந்த எண்ணில் பயிர் மூழ்கியது’ என்று எழுதி நிவாரணம் கொடுத்த அரசு, அதே எண்ணில் வீடு கட்டலாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். கூடவே, இந்த நிலம் குறித்து நீர்வளத் துறை தந்த கருத்து, தடையின்மைச் சான்று ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும். அதற்காக ஆட்சேபத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை வைத்து இப்போது கொடுத்துவிட்டு, ‘கூடுதல் ஆட்சேபம் தாக்கல் செய்யும் உரிமையுடன்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கிராவல் விஷயம் அவசரம். நிலத்தைத் தோண்டுவதும் கொட்டி நிரப்புவதும் இந்தச் சட்டத்தில் ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்குள் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. அனுமதியில்லாத மேம்பாட்டை அகற்றச் சொல்ல 56-ஆவது பிரிவும், நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்த 57-ஆவது பிரிவும் உள்ளன. தேதி தெரியும் புகைப்படங்களுடன் சி.எம்.டி.ஏ.வுக்கும் தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் இன்றே புகார் கொடுங்கள். மேடான பிறகு அளக்க வரும் அதிகாரி ‘இது உயரமான நிலம்தானே’ என்று எழுதிவிட்டுப் போவார். உங்கள் வயல் உயரமான இடத்தில் இருந்து, அதன் மழைநீர் இயல்பாக அந்த நிலத்துக்குள் வழிந்தோடிவந்திருந்தால், அதை மறிக்காதிருக்கச் சொல்ல 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 7-ஆவது பிரிவு கைகொடுக்கும். பாதிக்கப்பட்ட நில உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம்.

துண்டுப் பிரசுரத்தைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு அது. பிரசுரத்தில் பதிவு எண் இல்லையென்றால் ஆணையத்துக்கு ஒரு புகார் போதும். வயலே இன்னும் குடியிருப்புப் பகுதியாகாதபோது வில்லா விற்பவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

பயன்பாடு மாறிவிட்டாலும் எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். வெறும் மனையாக விற்றால் இந்தக் கணக்கு மாறும் என்பதால், வில்லாவா மனையா என்பதைப் பிரசுரத்தில் கவனியுங்கள். கோடையில் ஆற்றுநீர் உங்கள் ஊர்வரை உப்புக் கரிக்கிறதா? எண்ணூர்க் கழிமுகம் வழியே ஏறும் கடல்நீர் அங்கே எட்டுகிறதென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும்.

எந்த நீதிமன்றம் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதன் சட்ட அட்டவணையில் உள்ள சட்டங்களை ஒட்டிய வழக்குகளைத்தான் விசாரிக்கும்; நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த அட்டவணையில் இல்லை. எனவே பயன்பாட்டு மாற்றத்தை எதிர்க்க உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டால் அதை எதிர்த்து அங்கே 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ‘ஊரார் யார் இதைக் கேட்க?’ என்ற வாதம் வந்தால் பயப்படாதீர்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததைப் பெங்களூரில் அப்பகுதிவாசிகள் எதிர்த்தபோது, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே வீடு கட்டலாமா கூடாதா என்று நீதிபதி முடிவு செய்ய மாட்டார். உங்கள் ஆட்சேபத்தைப் படித்தார்களா, வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தார்களா, காரணம் எழுதினார்களா என்றுதான் பார்ப்பார். அதனால்தான் ஆட்சேபக் கடிதத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கிராம சபைத் தீர்மானம் சி.எம்.டி.ஏ.வைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றி இணைத்துவிடுங்கள்.

சித்தப்பா மீது வழக்குப் போட முகாந்திரம் இல்லை. பட்டா நிலத்தை விற்பது அவர் உரிமை. அது பூர்விகப் பாகப்பிரிவினையில் உங்களுக்கும் பங்குள்ள நிலமாக இருந்தால் மட்டும் பத்திரங்களுடன் தனியாக எழுதுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த வயலில் எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும், எத்தனை நாளில் வடியும், வாய்க்கால் எந்த வழியாக ஓடியது என்பதெல்லாம் உங்கள் 300 பேரில் யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பயிர்ச்சேதப் பட்டியலில் அவர் பெயரே இருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் போனால் கதவைத் திறக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அதை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.