பைக்கிலேயே சென்னையிலிருந்து லண்டன் போக ஆசை. ஆறு மாதம் இருக்கிறது. முதலில் எந்த பைக் வாங்க வேண்டும்?

ஏற்கெனவே ஏதோ ஒரு பைக் வைத்திருப்பீர்கள். அதிலேயே போகலாம். "400 சிசிக்குக் கீழே கிளம்புவது தற்கொலை" என்று கீழே யாராவது வந்து சொல்வார்கள், சொல்லட்டும். எல்லையில் உங்களை நிறுத்துபவர் சிசி கேட்கமாட்டார், பேப்பர் கேட்பார்.

முதல் வேலை பெயர். ஆர்சியில் 'கு. செல்வம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'செல்வம் குமாரசாமி', லைசென்ஸில் வெறும் 'செல்வம்' என்று இருந்தால், அந்த ஊர் அதிகாரிக்கு அது மூன்று ஆள். நம் இனிஷியலை உலகம் புரிந்துகொள்ளாது. அது போகட்டும், நம் அலுவலகங்களே ஒரு படிவத்தில் விரிக்கச் சொல்கின்றன, அடுத்ததில் சுருக்கச் சொல்கின்றன. 'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று கவுன்டரில் கேட்டால் முறைப்பு வேறு. கடுப்பு ஒருபக்கம் இருக்க, மற்ற இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும். பன்னாட்டு லைசென்ஸை ஆர்டிஓவில் கடைசியில் எடுங்கள், அதன் ஆயுள் ஒரு வருடம்தான்.

அடுத்து பாதை. பாகிஸ்தான் எல்லையான வாகாவையும் மியான்மரையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நேபாளம், திபெத், கிர்கிஸ்தான் வழி என்றால் சீனாவுக்குள் வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக லைசென்ஸ் மூன்றும் வேண்டும். பன்னாட்டு லைசென்ஸ் அங்கே செல்லாது. நாலைந்து பேர் சேர்ந்து போனால்தான் செலவு கட்டுப்படியாகும். வண்டியைக் கப்பலில் ஏற்றி ஈரான் வழி என்றால் கார்னே இல்லாமல் நடக்காது. கார்னே என்பது வண்டியின் பாஸ்போர்ட் மாதிரி. வண்டியை அந்த நாட்டில் விற்றுவிடமாட்டீர்கள் என்பதற்கு வாகனச் சங்கம் உங்களிடம் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு தரும் உறுதி. ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு: நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது ஒன்றை, அடிக்கட்டை உங்களிடம். அந்த அடிக்கட்டையில் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பாருங்கள். விழாவிட்டால் வண்டி அங்கேயே இருப்பதாகக் கணக்கு. சுங்கவரி கேட்டு வருவார்கள், ஈட்டுத்தொகையும் மாட்டிக்கொள்ளும். கார்னேவுக்கு சேஸிஸ் நம்பரை ஆர்சியிலிருந்து எழுதித் தராமல் ஃபிரேமில் குத்தியதைத் துடைத்துப் பார்த்து எழுதுங்கள்.

இனி வண்டி. ஸ்போக் வீலில் ட்யூப் என்றால், கிளம்புமுன் வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி பஞ்சர் ஒட்டி மாட்டுங்கள், குறைந்தது மூன்று தடவை. டயரை நெம்பும் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்க வேண்டும். அது இறங்காமல் பலம் போட்டால் ட்யூப்தான் கிழியும். டயருக்குள்ளே ஒரு பழந்துணியை விட்டுத் தடவுங்கள், விரலை விடாதீர்கள். குத்திய கம்பி அங்கேயே இருந்தால் துணியில் மாட்டும். ட்யூபில் லேசாகக் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரை மாட்டுவதை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வு அருகே முடியுங்கள். கடைசி லீவருக்கு முன் வால்வை உள்ளே அமுக்கினால் ட்யூப் நசுங்காது. முன்னால் 21, பின்னால் 17 இன்ச் என்றால் ஸ்பேருக்கு 21 இன்ச் ட்யூபே போதும். மடித்துப் பின்னால் திணித்து அடுத்த ஊர் வரை ஓட்டலாம், 17-ஐ முன்னால் மாட்ட முடியாது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் திறந்தால் காய்ந்துவிடும். பெரியது ஒன்று வேண்டாம், சின்னது நாலு வாங்குங்கள்.

செயினில் எல்லாரும் செய்யும் தப்பு, காலி வண்டியில் இறுக்கி வைப்பது. பெட்டியும் ஆளும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினால் அது இன்னும் இறுகி கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். கம்பெனி சொல்லும் தளர்வின் மேல் அளவில் வையுங்கள். செயினின் இரு முனையை இணைக்கும் செயின் லாக் ஸ்பேராக இரண்டு. அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும். புது கிளட்ச் கேபிளைப் பழையது போகும் வழியிலேயே கூடவே வைத்துக் கட்டி, இரு முனையையும் டேப் சுற்றி மூடிவிடுங்கள். பழையது அறுந்தால் புதியதன் முனைகளை மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

பெட்டி மாட்டும் ஸ்டாண்டை இரும்பில் அடிக்கச் சொல்லுங்கள், அலுமினியம் வேண்டாம். இரும்பை எந்தக் குக்கிராமத்திலும் வெல்டிங் வைப்பார்கள்.

தஜிகிஸ்தானின் பாமிர் மலைச்சாலையில் போவதாக இருந்தால் அந்நாட்டு விசாவோடு, அந்தச் சாலை இருக்கும் கோர்னோ-பதக்ஷான் பகுதிக்கான பர்மிட் தனியாக வேண்டும். அங்கே கோரோக் ஊரிலிருந்து முர்காப் ஊர் 300 கிலோமீட்டருக்கு மேல். முர்காப்பைத் தாண்டி 4,655 மீட்டரில் அக்-பைதால் கணவாய். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, பெட்ரோல் வடிகட்ட ஒரு மெல்லிய துணி. அங்கே ஆக்டேன் குறைந்த பெட்ரோல்தான் கிடைக்கும். ஏற்றத்தில் என்ஜின் கடகடவென்று தட்டினால் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்காமல் ஏறுங்கள்.

ஜாக்கெட், ஹெல்மெட் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.