இணையும் சட்ட நிறுவனமும் மகளின் வேலையும்

கேள்வி: என் மகள் லண்டனில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞராக இருக்கிறாள். அந்த நிறுவனம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு இணையப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமா என்று தினமும் கேட்கிறாள். இங்கே வக்கீலாக இருக்கும் என் கணவரோ, “பெரிதாவது நல்லதுதானே” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லண்டனில் இன்று கொடிகட்டிப் பறக்கும் சட்ட நிறுவனங்களில் பல, இணைந்து இணைந்து வளர்ந்தவைதான். ஆனால் இணைந்த ஐந்தே ஆண்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்த நிறுவனமும் உண்டு. பங்குதாரர்கள், அதாவது நிறுவனத்தின் உரிமையாளர்களான வழக்கறிஞர்கள், லாபத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது. மகள் விசாரிக்க வேண்டியதும் அதைத்தான்.

கிளிஃபர்ட் சான்ஸ் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பங்குதாரர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. 1967-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம்தான் வழக்கறிஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. (அதே 20 பேர் வரம்பு நம் நாட்டு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழக்கறிஞர் போன்ற தொழிலினரை விடுவித்தது. உங்கள் கணவருக்கு இது நினைவிருக்கும்.) பிறகு 1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய விதிகள் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டு வங்கிகள் உள்ளே வந்தன. ஒரே ஒப்பந்தத்துக்குப் பத்து இருபது வக்கீல்கள் விடிய விடிய உட்கார வேண்டிய வேலைகள் குவிந்தன. மறு ஆண்டே, வங்கி விவகாரங்களில் பெயர்பெற்ற கவர்ட் சான்ஸும் கம்பெனி விவகாரங்களில் பெயர்பெற்ற கிளிஃபர்ட் டர்னரும் இணைந்தன. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இணைப்பு நிலைத்தது.

அடுத்த இணைப்பு அவ்வளவு எளிதாக இல்லை. 2000 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கின் ரோஜர்ஸ் அண்ட் வெல்ஸும் ஜெர்மனியின் ஒரு முன்னணி நிறுவனமும் கிளிஃபர்ட் சான்ஸோடு சேர்ந்தன. லண்டனில் பணிமூப்புப்படி பங்கு. கூட்டுக்குடும்பத்தைப் போல, யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பணம் ஓரிடத்தில் சேரும், வயதுக்கேற்ற பங்கு வரும். நியூயார்க்கிலோ அதிகக் கட்சிக்காரர்களைக் கொண்டுவருபவருக்கு அதிகப் பங்கு. இரண்டையும் ஒட்டவைக்க முடியாமல் சிலருக்கு விதிவிலக்கு அளித்தார்கள். ஆனாலும் நியூயார்க் பங்குதாரர்கள் பலர் வெளியேறினார்கள்.

அந்த நெருக்கடியை இளம் வழக்கறிஞர்களும் சுமந்தார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2002-இல் நியூயார்க் அலுவலக ஜூனியர்கள் சிலர் நிர்வாகத்துக்கு எழுதிய குறிப்பு ஒன்று பத்திரிகைகளுக்குக் கசிந்தது. போனஸுக்கு அங்கே வைக்கப்பட்டிருந்த அளவுகோல் ஆண்டுக்கு 2,420 மணி நேரம். நான்கு வாரம் விடுப்பு போனால், வாரத்துக்கு 50 மணி நேரத்துக்கும் மேல். இது அலுவலகத்தில் இருக்கும் நேரம் அல்ல, கட்சிக்காரரின் பில்லில் ஏறும் நேரம். இந்தத் தொழிலில் ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுதுவார்கள். சாப்பிட்டது, தன் அறிவுக்காகச் சட்டம் படித்தது, அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தது எதுவும் அதில் சேராது. இப்படி ஓர் இலக்கு வைத்தால் பொய்க்கணக்கு எழுதத் தூண்டுதல் வரும் என்று அந்த இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் கிளிஃபர்ட் சான்ஸ் அந்தச் சோதனையைத் தாண்டி நின்றது.

டூயி அண்ட் லெபஃப் நிற்கவில்லை. 2007 அக்டோபரில் நியூயார்க்கின் இரண்டு பழைய நிறுவனங்கள் இணைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களோடு அது உருவானது. பெரும்புள்ளிகளைத் தக்கவைக்க, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருகிறோம் என்று பலருக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். 2008-இன் பொருளாதார நெருக்கடியில் வருமானம் சரிந்தது, வாக்குறுதிகள் அப்படியே நின்றன. கடன் ஏறியது, பங்குதாரர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 2012 மே மாதம் திவால்.

ஆகவே மகள் தன் மேலதிகாரியிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கட்டும். இரு தரப்பு லாபமும் ஒரே கணக்கில் சேருமா, அல்லது பெயர் மட்டும் பொதுவாக இருந்து நாட்டுக்கு நாடு கணக்குத் தனித்தனியா? தனிக்கணக்கு என்றால் அவளுடைய அன்றாட வேலையில் பெரிய மாற்றம் இராது. ஒரே கணக்கு என்றால், யாருக்காவது உத்தரவாதத் தொகை உண்டா என்பது அடுத்த கேள்வி. பயிற்சியில் இருப்பவளுக்கு முழுப் பதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் லண்டன் சட்டத்துறைப் பத்திரிகைகள் இதைத் துருவித் துருவி எழுதும்.

இன்னொன்று, அவள் துறையின் முக்கியக் கட்சிக்காரர் யார் என்பது. அமெரிக்க நிறுவனம் அவருடைய எதிர்த்தரப்புக்கு ஆஜராகிக்கொண்டிருந்தால், இரண்டில் ஒருவரை விட்டுவிட வேண்டிவரும். அந்த வேலை போனால் துறையே சுருங்கும். என் கணிப்பில், பெயர்ப்பலகை மாறுவதைவிட இதற்குத்தான் அவள் அஞ்ச வேண்டும்.

இப்போதே வேறு இடம் தேட வேண்டாம். பயிற்சி ஒப்பந்தம் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கானது. இணைப்பு நடந்தது என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. இணைப்புக்குப் பின் ஆட்குறைப்பு வருவது உண்மைதான். 2024 மே மாதம் லண்டனின் ஆலன் அண்ட் ஓவரியும் நியூயார்க்கின் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கும் இணைந்தபின், சில மாதங்களிலேயே பங்குதாரர்களில் சுமார் 10 சதவீதத்தினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அங்கே கத்தி முதலில் மேல்மட்டத்தில்தான் விழுந்தது. உங்கள் மகளுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் பயிற்சி முடிந்து நிரந்தரமாகும் கட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறை மாற்றுவார்கள் அல்லவா? அடுத்த முறை, இரு நிறுவனங்களிலும் ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கும் துறையைத் தவிர்த்து, அமெரிக்கர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.