லாரா கத்தினால் என்ன?

கேள்வி: வீடியோ கேமில் ஆண் நாயகன் கண் கலங்கினால் ஆழமான பாத்திரம் என்று பாராட்டுகிறீர்கள். லாரா கிராஃப்ட் வலியில் கத்தினால் மட்டும் பெண்ணை இழிவுபடுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். இது என்ன நியாயம்?
– வாசகர் ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கத்தியதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை ஐயா. லாராவை நாயகியாகக் கொண்டு 2013இல் வந்த டூம் ரைடர் (Tomb Raider) கேமில் தொடக்கத்திலேயே அவள் மேலிருந்து விழுவாள், கூரான துண்டு ஒன்று விலாவில் ஏறிவிடும். அதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, காயத்தை அழுத்திப் பிடித்தபடி மூச்சு வாங்க நடப்பாள். நல்ல காட்சி. வம்பு தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டில். ஆடுகிறவர்களுக்கு அவளைக் காப்பாற்றவேண்டும் என்று தோன்றும் என்கிற மாதிரி அதன் தயாரிப்பாளர் ஒருவர் பேசிவைத்தார். கன்ட்ரோலரைக் கையில் பிடித்து அவளை ஆட்டுவிப்பவர்தானே அங்கே லாரா? அவரைக் கொண்டுபோய் அவளுக்குத் துணைக்கு வரும் அண்ணனாக நிறுத்தினால் எப்படி? போதாததற்கு, ஆற்று வெள்ளத்தில் நீங்கள் கொஞ்சம் பிசகினால் அவள் கழுத்தில் கம்பு பாய்ந்துவிடும், கேமரா நகராமல் நின்று அதைப் பார்க்கும். எனக்கு எரிச்சல் அந்தக் கேமரா மேல்தான்.

க்ரேடோஸைப் பாருங்கள். இவர் நாயகனாக வரும் 2018 காட் ஆஃப் வார் கேமில், மகன் மானைக் கொன்றுவிட்டு நடுங்கி நிற்கும்போது, அவன் முதுகில் வைக்கக் கையைக் கொண்டுபோவார், வைக்காமலே எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான், மனுஷனின் இயலாமை முழுக்க அந்தக் கையில் தெரியும். அதற்காக ‘ஐயோ பாவம், இவரைப் பத்திரமாகக் கரை சேர்க்கணும்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நம் ஊர்க் கதைக்கே வருவோம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை, இங்கே காந்தி நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்துக்குப் போய், சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். வயது 16. அவள் எலும்பும் தோலுமாய் வந்ததை நாம் மறைத்துச் சொல்வதில்லை. ஆனால் போராட்டத்துக்குப் போவது என்று அவள் எடுத்த முடிவைச் சொல்லாமல் காய்ச்சலை மட்டும் சொன்னால், கேட்கிற பிள்ளைகள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேம்களிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2017இல் வந்த ஹெல்பிளேட் கேமின் நாயகி செனுவாவுக்கு மனநோய், காதுக்குள் ஓயாமல் குரல்கள். ஹெட்போன் மாட்டி ஆடினால் அவை உங்கள் இடக்காதிலும் வலக்காதிலும் கிசுகிசுக்கும், திட்டும், கேலி பண்ணும், அப்புறம் சண்டை நடுவில் பின்னால் ஒருவன் வருகிறான் என்று எச்சரிக்கவும் செய்யும். அவளுடைய நோயை வெளியே நின்று வேடிக்கை பார்க்க வழியில்லை, அதோடுதான் நீங்களும் வாள் வீசவேண்டும்.

சரி, ஆண்கள் அழுதால் பாராட்டு என்றீர்களே, அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற உண்மை இல்லை. மேக்ஸ் பெய்ன் என்ற கேமின் நாயகன் கலங்க மனைவியும் கைக்குழந்தையும் சாகவேண்டியிருந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸில் ஜோயல் உடைந்துபோக, கதை தொடங்கிய சற்று நேரத்திலேயே மகள் குண்டடி பட்டுச் சாகிறாள். ஆணின் மனசைத் திறந்து காட்ட ஒவ்வொரு முறையும் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டு எழுதியிருந்தால், நானும் உங்களோடு சேர்ந்து திட்டியிருப்பேன்.