ஃபிஃபா ஸ்ட்ரீட் திரும்பி வர வேண்டும்: வியாசர்பாடியிலிருந்து ஒரு பதில்

“பல வருடங்களாகப் புதிய பாகம் வராமல் கிடக்கும் வீடியோ கேம் வரிசைகளில் எது திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் ஏதோ ஒரு பழைய விளையாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைச் சொன்னால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று தயங்குகிறவர் போலத் தோன்றுகிறது. தயங்க வேண்டியதில்லை. நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ரோடு ராஷ் என்பார்கள், அல்லது ஐ.ஜி.ஐ. என்பார்கள், அல்லது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஈ.ஏ. நிறுவனத்தின் கிரிக்கெட் என்பார்கள். அவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கிரிக்கெட் 07 விளையாட்டுக்குப் புதிய அணிகளையும் புதிய சீருடைகளையும் ரசிகர்களே செய்து சேர்த்து, நிறுவனம் கைவிட்ட பிறகும் பல்லாண்டுகள் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது சாதாரணமான விஷயம் அன்று. ஆனால் என்னைக் கேட்டால், என் பதில் ஃபிஃபா ஸ்ட்ரீட் என்ற தெருக் கால்பந்து வரிசைதான். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த வரிசையின் முதல் பாகம் 2005-இல் வந்தது; அதன் அட்டையில் ரொனால்டினோ இருந்தார். கூடைப்பந்துக்கு என்.பி.ஏ. ஸ்ட்ரீட் செய்ததைக் கால்பந்துக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் பிக் என்ற பிரிவு அதை வெளியிட்டது. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு நான்கு பேர். வித்தை காட்டக் காட்டத் திரையில் ஒரு பட்டை நிரம்பும்; அது நிரம்பியதும் தடுக்கவே முடியாத அளவுக்கு ஓர் உதை கிடைக்கும். இரண்டாம் பாகம் 2006-இலும் மூன்றாம் பாகம் 2008-இலும் வந்தன. மூன்றாவதில் ஆட்டக்காரர்களைக் கேலிச்சித்திரம் போல வரைந்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு 2012 மார்ச்சில், மெஸ்ஸியை அட்டையில் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது போல ஒரே ஒரு பாகம் வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. முதல் இரண்டு பாகங்களைத்தான் பலர் நினைத்து ஏங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் திரும்பக் கேட்பது 2012-இல் வந்ததைத்தான்.

நான் வியாசர்பாடிக்காரன். பத்திரிகைகள் எங்கள் பகுதியை ‘மினி பிரேசில்’ என்று எழுதுவதை நீங்கள் படித்திருக்கக்கூடும். சென்னையின் எஃப்.சி. அணி 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த தனபால் கணேஷ் எங்கள் வியாசர்பாடிப் பிள்ளை. ஆனால் நான் சொல்ல வருவது அப்படி மேலே போனவர்களைப் பற்றி அன்று. ஹவுசிங் போர்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வைத்து, வெறுங்காலோடு ஆடுகிற ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அகலத்தில் ஓடி ஒருவனைத் தாண்ட முடியாது. ஓடுவதற்கு இடமே இல்லை. எனவே பந்தை உள்ளங்காலின் கீழ் அடக்கி நின்றுகொண்டு, எதிரில் இருப்பவன் காலை நீட்டும் வரை காத்திருந்து, அவன் நீட்டிய கணத்தில் பந்தைப் பின்னுக்கு இழுத்து அவன் கால்களுக்கு நடுவே தள்ளிவிட வேண்டும். அல்லது சுவரில் அடித்து, அது திரும்பி வரும் இடத்துக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். சுவரும் எங்களுக்கு ஓர் ஆட்டக்காரன்தான். எந்தச் சுவரில் பூச்சு உதிர்ந்து பந்து கோணலாகத் திரும்பும், தண்ணீர் டிரம்மில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அந்தச் சந்தில் வளர்ந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் எங்கள் சந்துகளிலும் ஆட முடியாது. அப்போதெல்லாம் நாங்கள் போகும் இடம் பெரம்பூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு கேம் சென்டர். ஷட்டர் போட்ட சின்னக் கடை. மணிக் கணக்கில் காசு வாங்குவார்கள். எல்லோரும் பதினொருவர் ஆடும் வழக்கமான ஃபிஃபாவைத்தான் கேட்பார்கள். கடைக்கார அண்ணன் ஒருநாள் பிளேஸ்டேஷன் 3-இல் புதிதாக ஃபிஃபா ஸ்ட்ரீட்டைப் போட்டுக் காட்டினார். அதில் எல் 2 பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆட்டக்காரன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து, எதிரியைப் பார்த்தபடி நிற்பான். இடது கைக் குச்சியைச் சற்றே அசைத்தால் பந்து மட்டும் இடத்துக்கும் வலத்துக்கும் உருளும், அவன் நகரமாட்டான். எதிரி காலை நீட்டியதும் குச்சியைத் தட்டினால் பந்து அவன் கால்களுக்கு நடுவே போய்விடும். எங்களோடு துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்க்கும் ஓர் அண்ணனும் வந்திருந்தார். எங்கள் சந்தில் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவன் கிடையாது. வீடியோ கேம் பக்கம் அவர் தலைவைத்ததும் கிடையாது. திரையைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து, “இன்னாடா இது, நம்ம நிக்கிற மாதிரியே நிக்கிறான்!” என்றார். அன்று அவர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வாங்கி ஆடியபோது, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாவிட்டாலும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பதினொருவர் ஃபிஃபாவில் கைதேர்ந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அவரிடம் தோற்றுப்போனார்கள். ஒரு விளையாட்டு உண்மையானதுதானா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நகரத்தின் தென்பகுதியில் இருந்த ஒரு பள்ளியின் அணித் தேர்வுக்கு நான் போயிருந்தேன். முழு மைதானம், புல்தரை, பூட்ஸ். பந்து வந்தவுடன் இரண்டே தொடுதலில் கொடுத்துவிட வேண்டும் என்றார் பயிற்சியாளர். நான் ஒருமுறை பந்தைக் காலடியில் நிறுத்தி, எதிரே வந்தவனைத் தாண்டித்தான் கொடுத்தேன். பந்து சரியான இடத்துக்கே போனது. ஆனாலும் அவர் ஊதலை ஊதி எல்லோர் முன்னிலையிலும், “இந்தத் தெரு ஆட்டத்தையெல்லாம் வியாசர்பாடியிலேயே விட்டுவிட்டு வா” என்றார். தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. பதினொருவர் ஆட்டத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, அந்தப் பயிற்சியாளருக்கு என்று ஒரு முறை இருந்திருக்கலாம். ஆனால் ஊரின் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டிய அவசியம் என்ன? வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று எழுதியும் படமெடுத்தும் பழகியவர்கள், நாங்கள் காலில் வைத்திருக்கும் வித்தையையும் ஒரு கெட்ட பழக்கம் என்றே எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தோடு வளர்ந்த ஒருவனுக்கு, உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்று அதே வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டிய கலையாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஒரு தனி விளையாட்டைச் செய்திருப்பதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விதிகளிலும் அவர்கள் அந்த ஆட்டத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பன்னா என்ற ஒரு வகை ஆட்டம் உண்டு. அதில் எதிரியைத் தாண்டினால் புள்ளி, பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கித் தாண்டினால் அதைவிட அதிகம், கால்களுக்கு நடுவே விட்டால் அதைவிடவும் அதிகம். ஆனால் அந்தப் புள்ளிகள் உடனே கணக்கில் சேராது. கோல் போட்டால்தான் சேரும்; அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் நீங்கள் சேர்த்து வைத்திருந்தது போய்விடும். வித்தைக்கு மதிப்பு உண்டு, ஆனால் வெறும் வித்தைக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு விதியால் சொல்ல முடியாது. எங்கள் சந்திலும் அதுதான் வழக்கம்: கட் அடித்துவிட்டுக் கோலை விட்டவனுக்குத் திட்டுதான் கிடைக்கும். இன்னொரு வகையில், கோல் போடும் ஒவ்வொரு முறையும் உங்கள் அணியிலிருந்தே ஒருவர் வெளியேற வேண்டும். யாருடைய அணி முதலில் காலியாகிறதோ அவர்களுக்கே வெற்றி. ஜெயிக்க ஜெயிக்க ஆள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒருவன் நான்கு பேரை எதிர்த்து நிற்கும்போது கடையில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

இங்கே சிலர், “அதுதான் வோல்ட்டா வந்ததே, பிறகென்ன?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2019-இல் வந்த ஃபிஃபா 20-இல் வோல்ட்டா என்ற பெயரில் தெருக் கால்பந்தைச் சேர்த்தார்கள். சுவரும் இருந்தது, மூவர் ஆட்டமும் ஐவர் ஆட்டமும் இருந்தன. நானும் ஆசையோடு ஆடினேன். ஆனால் அது பெரிய மைதானத்துக்காகச் செய்த ஆட்டக்காரர்களைச் சின்ன இடத்துக்குள் நிறுத்தியது போல எனக்குப் பட்டது. அவர்கள் திரும்பும்போது ஒரு கனம் தெரிந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. ஃபிஃபா வரிசை பெயர் மாறி எஃப்.சி. ஆன பிறகு, 2024-இல் வந்த எஃப்.சி. 25-இல் வோல்ட்டாவையே எடுத்துவிட்டு, ரஷ் என்ற ஐவர் ஆட்டத்தை வைத்தார்கள். ரஷ் நல்ல ஆட்டம். தவறு செய்தவரை நீல அட்டை காட்டி ஒரு நிமிடம் வெளியே அனுப்பும் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது சிறிய கால்பந்து, தெருக் கால்பந்து அன்று. ஒரு பெரிய விளையாட்டுக்குள் ஒரு பகுதியாக இருக்கும் வரை தெரு ஆட்டத்தின் கதி இதுதான்: அடுத்த வருடம் வேறொன்றுக்கு இடம் தேவைப்பட்டால் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள். குடிசைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட அனுபவம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் தனி விளையாட்டு வேண்டும் என்கிறேன்.

ஏன் செய்ய மறுக்கிறார்கள் என்பதும் விளங்காத புதிர் அன்று. ஈ.ஏ. நிறுவனத்துக்கு அல்டிமேட் டீம் என்ற, ஆட்டக்காரர் அட்டைகளைப் பொட்டலமாக வாங்கிச் சேகரிக்கும் ஆட்டங்களிலிருந்து மட்டும் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 162 கோடி டாலர் வருமானம் வந்தது. அந்த வருமானத்தில் பெரும் பங்கு கால்பந்தினுடையது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி நான்கு நண்பர்கள் ஒரே திரையில் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் அப்படிப் பணம் வராது. பெயரிலும் சிக்கல் உண்டு. ஃபிஃபா அமைப்புக்கும் ஈ.ஏ.வுக்கும் இருந்த ஒப்பந்தம் முறிந்துவிட்டதாக 2022-இல் அறிவித்தார்கள். 2023 முதல் அவர்களுடைய விளையாட்டின் பெயரே எஃப்.சி. என்று மாறிவிட்டது. எனவே ஃபிஃபா ஸ்ட்ரீட் என்ற அதே பெயரில் அவர்கள் தாமாக வெளியிட முடியாது. எனக்குப் பெயர் முக்கியமில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் வாங்குவேன்.

“நீங்களெல்லாம் பர்மா பஜாரில் காப்பி டிஸ்க் வாங்கி ஆடியவர்கள்தானே, இப்போது எந்த உரிமையில் கேட்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்கக்கூடும் என்பதால் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்று எங்களைப் போன்றவர்களுக்கு அசல் டிஸ்க்கின் விலை எட்டாத தொலைவில் இருந்தது. மேலும் இந்த வரிசையின் எந்தப் பாகமும் கணினிக்கு வந்ததே இல்லை, பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்குத்தான் வந்தது. வீட்டில் கன்சோல் இல்லாதவன் மணிக் கணக்கில் காசு கொடுத்துத்தான் ஆடினான். இன்று சம்பாதிக்கிறேன், 2012 பாகத்தின் அசல் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். புதிய பாகம் வந்தால் முழு விலை கொடுக்கவும் தயார். என்னைப் போல அன்று கேம் சென்டரில் ஆடி இன்று வேலையில் இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களை வாடிக்கையாளர்களாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

திரும்பி வந்தால் நான் கேட்பவை அதிகம் இல்லை. கணினிக்கும் வர வேண்டும். இணையம் இல்லாமல் ஆட முடிய வேண்டும். அட்டைப் பொட்டலம் விற்கக் கூடாது. ரியோவும் ஆம்ஸ்டர்டாமும் லண்டனும் இருக்கட்டும், அவற்றுக்கு அந்தத் தகுதி உண்டு. கூடவே ஹவுசிங் போர்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்தும் இருக்கட்டும். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள், குறுக்கே வந்துவிடும் தண்ணீர் லாரி, பூச்சு உதிர்ந்த சுவர் ஆகியவற்றை வரைவதற்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள்: உலகக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் என்ற கைப்பேசி விளையாட்டைச் செய்த நெக்ஸ்ட்வேவ் சென்னை நிறுவனம்தான். கிரிக்கெட்டுக்கு முடிந்தது கால்பந்துக்கு முடியாதா?

நீங்கள் இதுவரை ஆடியதில்லை என்றால், பழைய பிளேஸ்டேஷன் 3 வைத்திருக்கும் நண்பர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 4-இலோ 5-இலோ அந்த டிஸ்க் ஓடாது. கிடைத்தால் முதலில் பன்னா ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், வேகமாக ஓடும் பொத்தானைத் தொடாதீர்கள். எதிரி காலை நீட்டும் வரை பொறுத்திருங்கள்.