மெட்டுக்கு மேலே ஒரு நம்பர் இருக்கட்டும்

நான் பிறந்தது கேரளத்து வண்டிப்பெரியாறில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். குமுளிப் பக்கம் தமிழ் மீடியத்தில் முப்பது வருடம் பாடம் எடுத்துவிட்டு இப்போது தேனி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கிறேன். 2011 டிசம்பரில், கேரளத்தில் இருந்து தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் குமுளி ரோடு அடைந்து கிடந்தபோது, மெட்டுக்கு, அதாவது எல்லை மலைப்பாதைக்கு, மேலே கேரளப் பக்கமும் கீழே தமிழ்நாட்டுப் பக்கமும் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன். பின்னால் அது ஒரு வாட்ஸ்அப் குழுவானது, இன்றும் நடக்கிறது. இதுபோல் தங்கள் ஊரிலும் செய்யலாமா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கூடலூர் திராட்சை விவசாயி ஒருவர்: டீச்சர், இரண்டு அரசாங்கமும் பேசித் தீராத அணை விவகாரம். நாம் போனில் பேசி என்ன ஆகப் போகிறது?

அணை விவகாரம் நம் போனில் தீராது. 2014 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு மேல் உள்ள வாதமெல்லாம் கோர்ட்டிலும் நிபுணர் குழுவிலும் நடக்கட்டும்.

ஆனால் 2011-இல் அடி வாங்கியது யார்? அணையைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் யாரும் அடி வாங்கவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போன பெண்கள், மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போனவர்கள், காய்கறி லாரி டிரைவர்கள், குமுளியில் கடை வைத்திருந்த தமிழர்கள், கம்பத்தில் கடை வைத்திருந்த மலையாளிகள். தோட்டத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டு வழியே இறங்கி வந்த குடும்பங்களை நான் பார்த்தேன். அவர்களில் பலரை யாரும் அடிக்கவில்லை. அடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சுதான் விரட்டியது. அந்தப் பேச்சை நிறுத்த, மேலே ஒருவரைக் கூப்பிட்டு “அண்ணே, அங்கே நிஜமாகவே என்ன நடக்கிறது?” என்று கேட்க ஒரு நம்பர் போதும். பல பேரிடம் அது இல்லை. நாம் செய்ய முடிந்தது அந்த நம்பரை உண்டாக்குவது.

கட்டப்பனையில் ஜீப் ஓட்டும் தம்பி: யாரையெல்லாம் சேர்க்கணும், டீச்சர்? அமைதிக் குழு என்று பெயர் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பெயர் வைத்தால் அமைதி கெட்ட பிறகுதான் ஆள் வருவார்கள். எங்கள் குழு ரோடு நிலவரக் குழுவாகத்தான் தொடங்கியது. மெட்டில் மண் சரிந்ததா, செக்போஸ்ட்டில் எத்தனை வண்டி நிற்கிறது, புற்றடியிலும் போடியிலும் இன்று ஏலக்காய் என்ன விலைக்குப் போனது, இதுதான் தினசரிப் பேச்சு. இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுகிற விஷயம் இருந்தால்தான் ஆட்கள் காலையில் எழுந்ததும் குழுவைத் திறப்பார்கள்.

கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே எழுதியிருக்கிறார்: இரண்டு கூட்டம் சும்மா சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது, சமமான இடத்தில் நின்று, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்யணும். ஏலக்காய் விஷயத்தில் நமக்கு அது இயல்பாகவே அமைந்திருக்கிறது. தோட்டம் மேலே, கூலிக்குப் போகிற கை கீழே. ஒன்றில்லாமல் மற்றது ஓடாது.

நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரையும் குழுவில் ஒருவராவது நேரில் பார்த்திருக்கணும். அட்மின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அட்மினாக வேண்டாம்.

கம்பம் கல்லூரி மாணவி: எனக்கு மலையாளம் கேட்டால் பாதி புரியும், எழுத்து தெரியாது. அவர்களுக்கும் தமிழ் எழுத்து அப்படித்தான். எப்படிப் பேசுவது?

வாய்ஸ் அனுப்புங்கள். இந்த எல்லைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. படிக்கத் தெரியாத மொழி காதுக்குப் புரிகிறது. குரலில் கோபமா கவலையா என்பதும் சேர்ந்தே போய்விடும்.

மொழிபெயர்ப்பு ஆப் விலை கேட்க, வழி கேட்கப் பரவாயில்லை. பதற்றமான நேரத்தில் அதை நம்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்து மொழிகள் என்பதால் ஒரே சொல் வேறு பொருளில் வந்து நிற்கும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நம் வெள்ளத்துக்கு அவர்கள் சொல்வது வெள்ளப்பொக்கம். ஒரு மழைக்காலத்தில் மேலேயிருந்து ஒருவர் “டேமில் வெள்ளம் கூடி” என்று போட்டார். அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே அதைப் படித்தவர், அணையில் வெள்ளம் வந்துவிட்டது என்று பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். அதேபோல் நம் அவசரம் அங்கே வாய்ப்பு. நம் பக்கம் பாதி ஊர்ப் பெயர் பட்டியில் முடிகிறது, மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இந்தச் சொற்களை எழுதி எங்கள் குழுவின் மேலேயே பின் செய்து வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு தொடங்கிவிடும்.

சின்னமனூர் மளிகைக் கடைக்காரர்: தமிழ் லாரியை அடிக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வருகிறது. உண்மையா என்று தெரியவில்லை. அனுப்பாமல் இருந்தால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்களோ என்றும் பயம். என்ன செய்வது?

நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகம் பரப்புகிறார்கள் என்பதை உங்கள் கேள்வியே சொல்கிறது. நம் ஆள் தப்பிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறோம்.

2012 ஆகஸ்டில் பெங்களூருவிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தியால். மத்திய அரசு சில நாளுக்கு, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கே கட்டுப்பாடு போட்டது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் சுற்றின. அப்போது நம்மைத்தான் கொடியவர்களாக வட இந்தியாவில் பேசினார்கள். நமக்கு எப்படி வலித்தது? மேலே ஒரு மலையாளிக்கும் அப்படித்தான் வலிக்கும்.

எங்கள் வழக்கம் இது. வீடியோவை குழுவில் போடுவதில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நம் உறுப்பினரைக் கூப்பிடுகிறோம். அவர் போய்ப் பார்த்தோ, நம்பகமான ஒருவரிடம் கேட்டோ, வாய்ஸில் சொல்கிறார்: “நான் வண்டிப்பெரியாறு ஸ்டாண்டில் நிற்கிறேன், மணி நாலு, கடை திறந்திருக்கிறது.” இடம், நேரம், கண்ணால் பார்த்தது. இந்த மூன்றும் உள்ள செய்தியை மட்டும் வெளியே அனுப்பலாம். உண்மையிலேயே கலவரம் இருந்தால் அதையும் அதே மூன்றோடு சொல்கிறோம், வண்டிகளைக் கீழேயே நிறுத்தச் சொல்கிறோம். மூடி மறைத்தால் அடுத்த தடவை நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் தெருவும் புராட்டஸ்டண்ட் தெருவும் முட்டுகிற இடங்களில், 1990-களின் கடைசியில் இரண்டு பக்க ஊழியர்களுக்கும் மொபைல் போன் கொடுத்தார்கள். கல் விழுந்தால் உடனே எதிர்ப்பக்கத்தைக் கூப்பிட்டு, சின்னப் பையன்கள் எறிந்ததா, பெரிய சண்டையா என்று கேட்டுக்கொண்டார்கள். கென்யாவில் தானா ஆற்றுப் படுகையில் 2012-13-இல் விவசாயிகளும் மாடு மேய்ப்பவர்களும் மோதி நூற்றுக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே வந்த திட்டத்தின் பெயர் உனா ஹகிகா. சுவாஹிலியில் ‘உனக்கு நிச்சயமா?’ என்று அர்த்தம். வதந்தியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால், ஊர்த் தொண்டர்கள் விசாரித்துப் பதில் அனுப்புவார்கள். அவர்களுக்கும் நமக்கும் தண்ணீரும் நிலமும்தான் சண்டை.

இரட்டை அம்புக்குறியோடு பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று வந்தால், உங்களுக்கு அனுப்பியவருக்கே அது எங்கே எடுத்தது என்று தெரியாது. 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். அந்தத் தடையை உங்களுக்கு ஒரு மூச்சு விடக் கிடைத்த நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தமபாளையம் விவசாயி: 2021-இல் அணையை உடைக்கணும் என்று அங்கே நடிகர்கள் வரை பதிவு போட்டார்கள். நாம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கணுமா?

வேண்டாம் ஐயா, சொல்லுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது, அதற்கப்புறம் மதுரையும் ராமநாதபுரமும் இருக்கின்றன என்று உரக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பயத்தை நாடகம் என்று சொல்லாதீர்கள். 1895-இல் கட்டி முடித்த அணை. அதற்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாறிலும் மழை ராத்திரியில் தூங்காமல் கிடப்பவர்களில் என் சொந்தங்களும் உண்டு, தமிழ் பேசுகிற லயத்து ஜனங்கள். அணை பலமாக இருக்கிறது என்று நம்புகிறவள்தான் நான். ஆனாலும் அக்கா மகள் போனில் அழுதபோது என் வாயில் 142 அடி வரவில்லை. பயப்படுகிறவரிடம் முதலில் “தூங்கினாயா?” என்றுதான் கேட்க முடியும்.

அங்கே ரொம்ப நாளாக ஒரு கோஷம் உண்டு: தமிழ்நாட்டுக்கு வெள்ளம், கேரளத்துக்கு சுரக்ஷை. உங்களுக்குத் தண்ணீர், எங்களுக்குப் பாதுகாப்பு. இதில் முதல் பாதியை நம் பக்கம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புது அணை வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள் ஒத்துப் போகாது, சரி. உங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

குமுளி பேக்கரி உரிமையாளர்: போலீஸை குழுவில் சேர்க்கலாமா?

வேண்டாம். ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு பக்க ஸ்டேஷன் நம்பரும் அட்மின்களிடம் இருக்கணும். உயிருக்கு ஆபத்து என்றால் குழுவில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

பீர்மேடு ஆசிரியை: உங்கள் குழுவில் சண்டையே வந்ததில்லையா?

வந்தது. 2021 அக்டோபரில் ஒருவர் கொடும்பாவி எரித்த போட்டோவைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே உள்ளவர்கள் ஏழு பேர் வெளியேறிவிட்டார்கள். நான் போட்டோவை நீக்கினேன், அதே வேகத்தில் அவரையும் நீக்கினேன். போட்டோவை நீக்கியது சரி, அவரை நீக்கியது தப்பு. கூப்பிட்டுப் பேசியிருக்கணும். அவர் வேறொரு குழுவுக்குப் போய் இதைவிட மோசமாக எழுத ஆரம்பித்தார், எனக்குச் சொல்லித் தடுக்க வழியில்லாமல் போய்விட்டது. வெளியேறிய ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை, ஆனால் போன் எடுக்கிறார்கள். இப்போது யாரையாவது நீக்கணும் என்றால் நாலு அட்மினும் பேசி, ஒரு ராத்திரி கழித்துத்தான் நீக்குகிறோம்.

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மா (மகன் எழுதி அனுப்பியது): என்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு. எனக்கு இதெல்லாம் ஆகுமா டீச்சர்?

உங்களுக்குத்தான் முதலில் ஆகணும் அம்மா. இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து 2002-இல் ஒரு போன் லைன் நடத்தின. கூப்பிட்டால் எதிர்ப்பக்கத்து முகம் தெரியாத ஒருவரோடு பேசலாம். லட்சக்கணக்கான அழைப்புகள் வந்தன. அதற்குப் பெரிய போன் தேவைப்படவில்லை.

உங்கள் ஜீப் டிரைவர் நம்பர் ஒன்று, தோட்டத்துக்குப் பக்கத்தில் நீங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீட்டுச் சேச்சியின் நம்பர் ஒன்று. இரண்டையும் ஒற்றை எண்ணை அழுத்திப் பிடித்தால் போகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். சேச்சியிடம் நம்பர் கேட்கும்போது உங்கள் நம்பரையும் கொடுங்கள். அவர் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் நாளில் அவருக்கும் கீழே ஒரு ஆள் வேண்டும். மகனுக்கு அதை வைக்கத் தெரியாவிட்டால், கூடலூர்ப் பக்கம் வரும்போது போனைக் கொண்டு வாருங்கள், நான் வைத்துத் தருகிறேன்.