நாயின் கண்ணில் பூஞ்சைத் தொற்று, பார்வை போய்விடலாம் என்கிறார் டாக்டர். இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும்.

எங்கள் ஊர் வேலூருக்கு மேற்கே, அணைக்கட்டுப் பக்கம். அப்பா கொல்லையில் கத்தரி போட்டிருந்தார். சாதாரணக் கத்தரி இல்லை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த முள்ளு கத்தரி. காம்பில் மட்டுமில்லாமல் தண்டு, இலை என்று எல்லா இடத்திலும் முள் இருக்கும். எங்கள் நாய் செவலை ஒரு கீரிப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு அதற்குள் பாய்ந்தாள். வெளியே வரும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மறுநாளும் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் பாதி மிச்சமிருந்தது. மனுஷன் கண்ணுக்கே போடுகிற மருந்து, நாய்க்கு என்ன ஆகிவிடும் என்று அதை எடுத்து மூன்று வேளை விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு இறங்கியது, கண்ணையும் திறந்தாள். நான் பெரிய டாக்டர் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் கருவிழி மேல் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, ஓரம் பஞ்சு பிய்த்தது போல் இருந்தது.

அந்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் வடிய அதைத்தான் கொடுப்பார்கள், அங்கே அது சரி. ஆனால் முள்ளோ வைக்கோலோ கீறின கண்ணில் செடியோடு பூஞ்சையும் உள்ளே போயிருக்கலாம். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடும். சிவப்பு போனது நோய் போனதால் இல்லை, எதிர்க்க ஆள் இல்லாததால். உங்கள் வீட்டில் மிச்ச மருந்து ஏதாவது இருந்தால் இப்போதே தூக்கிக் குப்பையில் போடுங்கள். இதுவரை என்னென்ன சொட்டு விட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு முதல் நாள் சொல்லவில்லை.

ஆயா பார்த்துவிட்டு, “கண்ணுல பூ வுழுந்துகினு இருக்குது, நந்தியாவட்டை சாறு ரெண்டு சொட்டு வுடுடா” என்றார். பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் என்றார். எதையும் விடவில்லை. புண்ணான கண்ணில் பச்சிலைச் சாறு போனால் இன்னும் நாலு கிருமியைக் கூட்டி வரும். நல்ல எண்ணத்தில் சொல்பவர்களோடு சண்டை போட முடியாது, தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இங்குள்ள கால்நடை டாக்டர் கண்ணில் ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு வைத்து நீல விளக்கு அடித்தார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக மின்னியது. பார்த்த மாத்திரத்தில், “இது சாதாரணக் கீறல் இல்லை, சுரண்டிப் பார்க்கணும், சென்னைக்குப் போங்க” என்று சொல்லிவிட்டார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கண்ணுக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். வாலாஜா, காஞ்சிபுரம் தாண்டி சுமார் 140 கிலோமீட்டர், வாடகைக் காரில் விடியற்காலை கிளம்பினோம். மொத்தச் செலவில் பெரியது அந்தக் கார் வாடகைதான். “நாட்டு நாய்க்கு இன்னாத்துக்கு இவ்ளோ செலவு?” என்று டிரைவர் அண்ணன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பும்போது செவலையின் தலை அவர் மடியருகே கியர் மேல் கிடந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிளை கிளையாகப் பிரிந்த நூல் மாதிரி பூஞ்சை இழைகள் தெரிந்தன. இந்தச் சோதனையை உங்கள் நாய்க்குச் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாக்டீரியா புண்ணும் பூஞ்சைப் புண்ணும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம், மருந்து வேறு வேறு. எந்தப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்க நாளாகும், அதுவரை காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கிவிடுவார்கள்.

எங்களுக்குக் கொடுத்தது நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு. மனிதர்களுக்குக் கொடுப்பதுதான். நம் பக்கம் வயல் வேலை செய்பவர்களுக்கு நெல் உமி, கரும்புத் தோகை பட்டு இந்தப் புண் நிறைய வருவதால் இதைப் பற்றி இங்கேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கெடுத்து 2013-ல் வெளிவந்த ஆய்வில் 323 நோயாளிகளிடம் நாட்டமைசினையும் வோரிகோனசோல் என்ற விலை கூடிய இன்னொரு பூஞ்சை மருந்தையும் ஒப்பிட்டார்கள், நாட்டமைசினே மேல் என்று வந்தது. மனிதர்களிடம் செய்ததுதான், என்றாலும் விலை அதிகமான மருந்துதான் நல்ல மருந்து என்ற என் எண்ணம் அதைப் படித்ததும் போனது. ஒரு குறை உண்டு, இது கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. புண் ஆழமாகிவிட்டால் வேறு மருந்தோ ஆபரேஷனோ தேவைப்படும். அதனால்தான் நாள் கடத்தக் கூடாது.

இந்த மருந்து பால் மாதிரி இருக்கும், அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்காவிட்டால் மேலே இருக்கும் தண்ணீரைத்தான் விடுகிறோம். புண் மேல் வெள்ளையாகப் படிவதும் மருந்துதான், சீழ் என்று நினைத்து நான் ஒருநாள் முழுக்கப் பயந்து செத்தேன். கூடவே வலிக்கு அட்ரோபின் கொடுத்தார்கள். அது மூக்கு வழியாக வாய்க்கு இறங்கி பயங்கரமாகக் கசக்கும் போல, எச்சில் நுரைத்து ஒழுகும். விஷம் இல்லை, கசப்பு. கண் பாப்பா விரிந்துவிடுவதால் வெயிலில் கண் கூசும், ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் பகலெல்லாம் அவளைக் கூடத்தில் ஜன்னல் சாத்தி வைத்திருந்தோம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் ஐந்து நிமிஷமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவித் தள்ளிவிடும்.

முதல் நாட்களில் மணிக்கொரு தடவை, ராத்திரியில் இரண்டு மணிக்கொரு தடவை. இதுதான் உண்மையான சோதனை. பத்து மணியும் பன்னிரண்டும் என்னுடையது, இரண்டு அம்மா, நாலு அப்பா. அப்பா எப்படியும் நாலு மணிக்குக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச எழுந்துவிடுவார். சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, விட்டவர் பேனாவால் கோடு போட வேண்டும். கோடு இல்லையென்றால் காலையில் விசாரணை.

சொட்டு விடும்போது நாயின் எதிரில் போய் நிற்காதீர்கள். பாட்டில் எதிரே வருவதைப் பார்த்தால் எந்த நாயும் தலையைத் திருப்பும். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் அவளை முதுகு காட்டி உட்காரவைத்து, இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். வலது கையை அவள் நெற்றியில் ஊன்றி, சுண்டு விரலால் மேல் இமையை இழுத்து, பின்னாலிருந்து ஒரு சொட்டு. தலையை உதறினாலும் கையும் கூடவே போகும், பாட்டில் நுனி கண்ணில் குத்தாது. உடனே வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. நாலாம் நாளிலிருந்து பாட்டில் குலுக்குகிற சத்தம் கேட்டாலே அவளே வந்து முட்டிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணுக்காக இல்லை, ஈரலுக்காக.

கழுத்துக் கூம்பு கட்டாயம். வாங்கியது சின்னதாக இருந்ததால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, ஓரத்துக்குத் துணி சுற்றிக் கட்டினோம். நிலைப்படியிலெல்லாம் டம் டம் என்று இடித்துக்கொண்டு திரிந்தாள். பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள், காலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் ஒரு வாரத்து உழைப்பு போய்விடும்.

மூன்றாவது வாரம் வெள்ளை விழி ஓரத்திலிருந்து சிவப்புச் சிவப்பாக நரம்பு மாதிரி கருவிழி மேல் ஏற ஆரம்பித்தது. முடிந்தது கதை என்று போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்து, நல்லது என்றார். கருவிழியில் இயல்பாக ரத்தக் குழாய் கிடையாது. புண்ணை ஆற்ற அது ஓரத்திலிருந்து வளர்ந்து வருகிறது, நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர். இதற்கு மாறாக, புண்ணின் நடுவில் கறுப்பாகவோ கண்ணாடி போலத் தெளிவாகவோ ஒரு குழி தெரிந்தாலும், கண்ணிலிருந்து திடீரென்று நிறைய நீர் கொட்டினாலும், கண் சுருங்கியது போல் இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். அது ஓட்டை விழுகிற அறிகுறி.

கண்ணில் கீறலே படாமல், இரண்டு கண்ணும் ஒன்றாகக் கலங்கி, நாய் இளைத்தும் இருந்தால் அது வேறு கதை. உடம்புக்குள் பரவிய பூஞ்சை கண்ணின் உட்பக்கத்துக்கு வருவதும் உண்டு. அதற்கு ரத்தப் பரிசோதனை, வாய்வழி மாத்திரை என்று சிகிச்சை வேறு மாதிரி போகும், சொட்டு மருந்தை மட்டும் நம்ப முடியாது. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

பார்வை போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். செவலைக்கு அந்த அழுகை எதுவும் புரியவில்லை, மூக்கால் ஈரல் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நாய்க்கு வலி இருக்கும்வரைதான் முடக்கம். வலி நின்ற வாரமே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள், ஒரு கண் மறைத்தபடியே. நாங்கள் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். தண்ணீர்ச் சட்டியையும் கயிற்றுக் கட்டிலையும் இடம் மாற்றுவதில்லை. இடது பக்கமாகப் போனால் முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடுகிறோம், இல்லாவிட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருவாள். பால்காரருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், வலது பக்கமாகத்தான் வருகிறார்.

பத்தாவது வாரம் கடைசியாகக் காட்டப் போனபோது புண் முழுதும் ஆறி, நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றிருந்தது. ஆயா சொன்ன அதே பூ. டாக்டர் அவளுடைய நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது பக்கத்தில் ஒரு பஞ்சு உருண்டையைப் போட்டார். பஞ்சு விழுந்தால் சத்தம் வராது, வாசனையும் இல்லை, பார்வை இருந்தால்தான் தலை திரும்பும். முதல் உருண்டைக்கு அவள் அசையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதைக் கொஞ்சம் ஓரமாகப் போட்டார், காது முதலில் நிமிர்ந்தது, அப்புறம் மூக்கு மெல்லக் கீழே போய்ப் பஞ்சை முகர்ந்தது. அம்மா டாக்டரிடம், “இன்னொரு தபா போடுங்க சார்” என்றார்.